பதினாறாவது இடம்

2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆந் திகதி. சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கின் புறத்தே, ஷுன்யி என்னுமிடத்தில், படகோட்டப் போட்டிகளுக்கென அமைக்கப்பெற்ற நீண்டதொரு நீர்நிலை. அதன் மிதவை மேடையிலே இருபத்தைந்து பெண்கள் நின்றனர். பத்துக் கிலோமீற்றர் தூரத்தை நீந்திக் கடப்பதே அவர்கள் முன்னிருந்த காரியம். ஐம்பது மீற்றர் நீளமுள்ள நீச்சல் தடாகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்குமாக இருநூறு முறை நீந்துவதற்கு ஒப்பான வேலை அது. ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் பெண்களுக்கான இப்போட்டி நடைபெற்றது அன்றுதான் முதன்முறை.

அந்த இருபத்தைந்து பேரில் இருபத்துநால்வர் இரு கால்களையும் ஊன்றி நின்றனர். ஒருவருக்கு மாத்திரம் இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டே அவர் நீரில் இறங்கவேண்டியிருந்தது. தென்னாபிரிக்க நாட்டவர்; பெயர் நத்தலி டு டொய்; வயது இருபத்துநான்கு.

ரஷ்ய நாட்டு லாரிசா இல்சென்கோ 1 மணி 59 நிமிடம் 27.7 விநாடியில் முதலாவதாக வந்தார். அடுத்த இரு இடங்களும் பிரித்தானியப் பெண்களுக்குக் கிடைத்தன. டு டொய் நீந்தி முடித்தபோது கடிகாரம் 2 மணி 0 நிமிடம் 49.9 விநாடி என்று காட்டியது. முதலாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே ஒன்றரை நிமிடம் கூட இல்லை. எனினும் அவருக்குக் கிடைத்தது பதினாறாவது இடம்.

பதினாறாவதாக வந்தவரைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக நேயர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு விடை சொல்லுமுன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமான கதைதான்.

நான் மாணாக்கனாயிருந்த காலத்தில் எங்கள் வகுப்பிலே, இளம்பிள்ளைவாத நோயினால் ஒரு கால் சூம்பிப்போன தோழன் ஒருவன் இருந்தான். ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது அவனுக்கு ஒரு வேலை நிச்சயமாகக் காத்திருக்கும். பந்தல் நிழலிலே நாற்காலி போட்டு அமர்த்தி, வெற்றி பெற்றோரின் பெயர்களை எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுப்போம். அதனை ஒரு பெரிய தயவென்றே நாங்கள் எண்ணியிருந்தோம். விடுமுறை நாளொன்றில் அவன் ஊர்க்குளத்தில் நீந்துவதைத் தற்செயலாகக் கண்டேன். எங்களில் எவனையும் பின்தள்ளிவிடக்கூடிய வேகம்! பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறு ஆண்டும் அவன் அதே நாற்காலியிலேயே பெயர் எழுதிக்கொண்டிருந்தான். கண்டதை ஆசிரியர் எவரிடமாவது சொல்லவேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை. இன்று நினைக்கும்போது வெட்கமாயிருக்கிறது.

நிற்க. நத்தலி டு டொய் 1984ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி கேப்டவுண் நகரிலே பிறந்தவர். பதினான்கு வயதிலேயே, 1998இல் கோலாலம்பூரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவிலே தம் நாட்டின் சார்பில் நீந்தினார். அக்காலத்தில் அவர் நால்வகை நீச்சலையும் ஒருங்கே வேண்டி நிற்கும் கலப்பு நீச்சலில் வல்லவராயிருந்தார். 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்கிற்கு அவர் ஏறக்குறையத் தகுதி பெற்றுவிட்டார், சிறிதளவிலே தவறிப்போயிற்று. வயது பதினாறுதானே, அடுத்த விழாவுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன என்று அவரைச் சேர்ந்தோர் ஆறுதல் அடைந்திருப்பர்.

2001ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒருநாட் காலை, நீச்சற் பயிற்சியை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது கார் ஒன்று அவரை மோதியது. இடது கால் நசுங்கிப்போயிற்று. காலைக் காப்பாற்ற வைத்தியர்கள் முயன்றும் பயனில்லாமல், முழங்காலளவில் அதனை வெட்டி அகற்ற நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது பதினேழு.

மூன்று மாதத்துக்குள் அவர் மீண்டும் தடாகத்தில் இறங்கினார். செயற்கைக் காலுடன் செவ்வையாக நடக்கப் பழகுமுன்னரே நீந்தத் தொடங்கிவிட்டார். இதைக் கேட்டதும் “என்ன மனவலிமை!” என்று வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவது எளிது. மனவலிமை இருந்தது உண்மைதான். ஆனால், மனவலிமை மாத்திரம் மனிதரை நீரில் நேராகக் கொண்டுசெல்லாது. ஒரு கால் போனால் நீரிலே நிகழ்வது என்ன என்பதைச் சற்று விளங்கிக்கொண்டாலன்றி, அவர் செய்த வேலையின் அளவு நமக்குத் தெரியவராது.

பிரீஸ்டைல் என்று சொல்லப்படும் கைவீச்சு நீச்சலிலே உடலை முன்னே இழுத்துச் செல்வது பெரும்பாலும் கைகளே. அப்படியானால் காலுக்கு என்ன வேலை? இரண்டு வேலைகள். இடுப்பும் தொடையும் கீழே தாழ்ந்துபோகாதபடி உடலை நீர்மட்டத்தில் ஏந்திவைப்பது ஒன்று. ஒவ்வொரு கை வீச்சிலும் உடல் ஒரு பக்கமாகப் புரள்கிறதல்லவா? அந்தப் புரளலைச் சமன்செய்து மறுபக்கம் திருப்புவது மற்றொன்று. இடது கால் இல்லாதவருக்கு இடப்புறத்திற் சமன்செய்ய எதுவுமில்லை. எஞ்சிய வலது கால் தன் பக்கத்தில் மாத்திரம் உதைத்துக்கொண்டிருந்தால் உடல் கோணிப்போகும். ஆகவே ஒரு காலே இருபக்கத்துக்கும் வேலை செய்யப் பழகவேண்டும். மீதியை வயிற்றுத் தசைகளும் தோள்களும் ஏற்கவேண்டும். சிறுவயது முதல் உடலில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் மற்றொன்றை எழுதுவது போன்றது இது. புதிதாய்க் கற்பவனுக்கு மறக்கவேண்டியது எதுவுமில்லை. டு டொய்க்கோ பத்தாண்டுப் பழக்கத்தை மறக்கவேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு இடங்களில் இழப்பு வெளிப்படையாகத் தெரியும். போட்டி தொடங்கும்போது மேடையினின்று பாய்வதற்கு ஒரு காலின் உந்துதலே உண்டு. தடாகத்தின் சுவரை அடைந்து திரும்பும்போதும் அவ்வாறே. ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர்கள் இரு காலாலும் சுவரை உதைத்து அம்பெனப் பாய்ந்துவிட, இவர் சிறிது பின்தங்குவார். அந்தக் குறையைக் கைகளால் ஈடுசெய்யுமுன் அடுத்த சுவர் வந்துவிடும். மார்பு நீச்சலின் கதையோ இதனினும் கடினம். அதில் உந்துதலின் பெரும்பங்கு கால்களையே சார்ந்தது. கலப்பு நீச்சலில் வல்லவராயிருந்த ஒருவருக்கு இது எத்தகைய அடி என்பதை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

அவர் நெடுந்தூர நீச்சலை நாடினார். தூரம் கூடக்கூடக் கைகளின் பங்கும் மூச்சின் பங்கும் கூடும். பாய்ச்சலின் பங்கு குறையும். தமக்கு எது எஞ்சியிருக்கிறதோ அதனை அளந்து பார்த்து, அதற்கு ஏற்ற போட்டியைத் தெரிந்துகொண்டார். மனவலிமையைக் காட்டிலும் இந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

விபத்து நிகழ்ந்து ஒன்றரை ஆண்டு கூட ஆகாத 2002ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரிலே பொதுநலவாய விளையாட்டு விழா நடந்தது. அங்கே அங்கவீனர்களுக்கான 50 மீற்றர், 100 மீற்றர் போட்டிகள் இரண்டிலும் அவர் தம் வகுப்பில் உலகச் சாதனை நிறுவி வென்றார். இதனுடன் அமைந்திருந்தால் அது ஓர் உருக்கமான செய்தியாகவே முடிந்திருக்கும். அவர் அமையவில்லை. இரு காலுடையோர் போட்டியிட்ட 800 மீற்றர் நீச்சலிலும் இறங்கி, இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால், அவ்விழாவின் தலைசிறந்த வீரருக்கென அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட டேவிட் டிக்சன் விருது அவருக்கே அளிக்கப்பட்டது. அதே விழாவில் அவுஸ்திரேலிய நாட்டு இயன் தோர்ப் ஆறு தங்கப் பதக்கங்களை அள்ளிச் சென்றார் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

அடுத்த ஆண்டில், 2003இல், நைஜீரியாவின் அபுஜா நகரில் நடந்த அகில ஆபிரிக்க விளையாட்டு விழாவிலே, 800 மீற்றர் நீச்சலில் இரு காலுடையோரை வென்று தங்கம் பெற்றார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கு இடம் கிடைக்கவில்லை. அதே நகரில் நடந்த பராலிம்பிக் விழாவில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார்.

பராலிம்பிக் என்பதைப் பற்றி மாணாக்கர்களுக்காக ஒரு சொல். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்து புகுந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மான், ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முதுகெலும்பு சிதைந்த போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்துவந்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக்கொண்டு ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்த விதையிலிருந்து எழுந்த விழா 1960இல் ரோமாபுரியில் உலக விழாவாயிற்று. நீச்சலும் அன்றே அதில் இடம்பெற்றது.

அதில் நீந்துவோரை உடற்குறையின் தன்மைக்கேற்ப வகுப்புகளாகப் பிரிப்பர். அங்கக் குறையுடையோர்க்கு ஒன்று முதல் பத்து வரை எண் உண்டு. எண் சிறிதாகுந்தோறும் குறை பெரிது. டு டொய் ஒன்பதாம் வகுப்பினர். இந்தப் பிரிவினை எல்லோருக்கும் மனநிறைவு அளிப்பதன்று. எல்லைக்கோட்டில் நிற்பவர் மேல்வகுப்புக்குத் தள்ளப்பட்டால் அவருடைய பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் பயனற்றுப் போகலாம். ஆயினும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சிறுபராயத்தில் மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த செங் தாவோ என்னும் சீன இளைஞரைப் பாருங்கள். மல்லாக்கு நீச்சல் தொடங்குமுன் கைப்பிடியைப் பற்றுவதற்கு அவருக்குக் கையில்லை. உதவியாளர் மேலேயிருந்து பிடிக்கும் துவாயைப் பல்லாற் கடித்துக்கொண்டு, கால்களைச் சுவரில் ஊன்றி நிற்பார். முடிவிலே சுவரைத் தொடுவதற்கும் கையில்லாமையால், வந்த வேகத்தில் தலையால் மோதியே போட்டியை முடிப்பார். 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ பராலிம்பிக்கில் இவர் வென்ற தங்கப் பதக்கங்கள் நான்கு. இவரையும் டு டொய்யையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டி என்று சொல்வது யாருக்கு நியாயம்?

ஆகவே வகுப்பு வேண்டும். ஆனால், வகுப்பே ஒருவருக்கு வேலியாகிவிடவும் கூடாது. டு டொய் அந்த வேலிக்கு உள்ளேயும் நீந்தினார், வெளியேயும் நீந்தினார். இதிலே முன்னோடி ஒருவர் உண்டு. ஹங்கேரி நாட்டு ஒலிவர் ஹலாசி சிறுவயதில் டிராம் விபத்தொன்றில் இடது பாதத்தை இழந்தவர். பராலிம்பிக் என்ற சொல்லே பிறவாத காலம் அது. ஆகையால் அவர் எல்லோருடனும் சேர்ந்தே விளையாடினார். 1931இல் பாரிஸ் நகரில் 1500 மீற்றர் நீச்சலிலே ஐரோப்பிய வீரரானார். நீர்ப்பந்து விளையாட்டில் 1928இல் வெள்ளியும், 1932இலும் 1936இலும் தங்கமுமாக மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றார். 1946இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே, புடாபெஸ்ட் நகரில் சோவியத் போர்வீரன் ஒருவனாற் கொல்லப்பட்டார். இன்று அவரை நினைப்போர் சிலரே.

இனி மீண்டும் டு டொய்யிடம் வருவோம். திறந்த நீர்நிலையில் நீந்தும் பத்துக் கிலோமீற்றர் போட்டியை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று 2005இல் முடிவாயிற்று. இவருக்கென யாரும் செய்த முடிவன்று அது. ஆயினும் அவர் கணக்குப் போட்டிருந்த வழியிலே கதவொன்று திறந்தது. திறந்த நீரில் உதைத்துத் திரும்பச் சுவர்கள் இல்லை! தடாகத்திலே ஒவ்வொரு ஐம்பது மீற்றருக்கும் ஒருமுறை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது இங்கே பறிக்கப்படாது. ஆனால், வேறு இடர்கள் உண்டு. இங்கே தனித்தனிப் பாதை கிடையாது. இருபது முப்பது பேர் ஒரு கூட்டமாக நெருங்கி நீந்துவர். முழங்கை முகத்தில் இடிக்கும். பின்னால் வருபவரின் கை காலில் விழும். மிதவைக் குறிகளைச் சுற்றித் திரும்பும் இடங்களிலும், முடிவில் வேகமெடுக்கும் கடைசி நூற்றுக்கணக்கான மீற்றரிலும் கால் உதைப்பே கைகொடுக்கவேண்டும். அங்கே ஒற்றைக்காலர் தவிப்பதைத் தவிர்க்க முடியாது.

2008ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பானிய நாட்டுச் செவில் நகரில் உலகப் போட்டி நடந்தது. அங்கே முதற் பத்து இடங்களுள் வருவோர்க்குப் பெய்ஜிங் செல்லும் உரிமை. டு டொய் நான்காவதாக வந்தார். முதலாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே சில விநாடிகளே. அவர் ஒலிம்பிக்கிற்குச் சென்றது இந்த நான்காம் இடத்தினால். எவரும் இரங்கி அளித்த இடம் அன்று. அவரைப் பெயரெழுதும் நாற்காலியில் அமர்த்தும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டில் அவருடைய நாட்டு ஓட்டவீரர் ஒஸ்கார் பிஸ்டோரியஸின் செயற்கைக் கால்கள் அவருக்குக் கூடுதலான நன்மை தருகின்றனவா என்பது பற்றி வழக்கே நடந்தது. டு டொய்யின் காரியத்திலோ வழக்குக்கு இடமில்லை. அவர் நீரினுள் எதையும் அணிந்து செல்லவில்லை. இருந்ததைக்கொண்டு நீந்தினார்; எல்லோரும் தொடங்கிய அதே கணத்தில் தொடங்கினார்; அதே கடிகாரம் அவரையும் அளந்தது. ஒலிம்பிக் தொடக்க விழாவிலே தென்னாபிரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. சில வாரங்களின்பின் பராலிம்பிக் தொடக்க விழாவிலும் அவரே ஏந்தினார். ஒரே ஆண்டில் இரு விழாவிலும் நாட்டுக் கொடியைத் தாங்கியவர் அவருக்கு முன் எவருமில்லை.

பதினாறாவது இடத்தைப் பற்றி உலகப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அவர் வந்ததே வெற்றி என்றன. ஆனால், அவருக்கோ அது ஏமாற்றம். முதல் ஐவருள் ஒருவராக வரவேண்டுமென்றே அவர் நீரில் இறங்கியிருந்தார். இந்த ஏமாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நாலாவதாக வரக்கூடியவர் பதினாறாவதாக வந்தால் வருந்தவேண்டியதுதானே? அப்படி வருந்தும் உரிமையை இரு காலுள்ள வீராங்கனைக்குத் தந்துவிட்டு, இவரிடம் மாத்திரம் “நீ வந்ததே போதும்” என்று சொல்வது பாராட்டுப் போலத் தோன்றும். உண்மையில் அதுவும் பந்தல் நிழலில் போட்ட நாற்காலியே.

அடுத்த நாள் அதே நீர்நிலையில் ஆண்களுக்கான போட்டி நடந்தது. ஒல்லாந்து நாட்டு மார்ட்டன் வான் டெர் வைடன் தங்கம் வென்றார். 2001ஆம் ஆண்டில், டு டொய் காலை இழந்த அதே ஆண்டில், இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகிப் பிழைத்தெழுந்தவர் அவர்.

பெய்ஜிங் பராலிம்பிக்கிலே டு டொய் நீந்திய போட்டிகள் ஐந்து; ஐந்திலும் தங்கம். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் அவர் நீந்தவில்லை. லண்டன் பராலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். மூன்று பராலிம்பிக் விழாக்களிலுமாக அவருடைய தங்கப் பதக்கங்கள் பதின்மூன்று, வெள்ளி இரண்டு.

அந்த இரண்டாவது வெள்ளியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். லண்டனில் ஒன்பதாம் வகுப்புக்குரிய 100 மீற்றர் நீச்சலே அவருடைய கடைசிப் போட்டி. அதன்பின் ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்திருந்தார். பக்கத்திலே நீந்தியவர்களுள் அவுஸ்திரேலியாவின் எலி கோல் என்ற இளம்பெண்ணும் ஒருவர். மூன்று வயதில் புற்றுநோயினால் ஒரு காலை இழந்தவர். விடைபெறும் வீராங்கனை என்பதற்காக அவர் சற்றும் வேகத்தைக் குறைக்கவில்லை. கோல் முதலாவதாகச் சுவரைத் தொட்டார். டு டொய் இரண்டாவதாகத் தொட்டார்.